இரண்டு அந்தோணியம்மாள், ஒரு ஓட்டு

நான் உவரியில் போய் இறங்கிய அன்று, அரசாங்கப் பட்டியல்படி என் அக்கா அந்தோணியம்மாள் இறந்துபோயிருந்தார். எனக்குச் சோறு போட்டு, சாளைமீன் குழம்பை ஊற்றி, "சிங்கப்பூர்ல இப்பிடிக் கெடைக்குமாலே?" என்று கேட்டதும் அவர்தான்.

கிடைக்காது. சிங்கப்பூரில் நான் பேருந்து ஓட்டுகிறேன். பணிமனைச் சிற்றுண்டிச் சாலையில் கிடைக்கும் மீன் குழம்பில் மீனும் இருக்கும், குழம்பும் இருக்கும். இரண்டுக்கும் பழக்கம் இருக்காது. ஆகவே தட்டை மறுபடி நீட்டினேன்.

வந்த காரியம் அம்மாவுடையது. முழங்கால் அறுவை நல்லபடியாக முடிந்தால் உவரி அந்தோணியார் கோயிலுக்கு நேரில் வந்து மெழுகுதிரி ஏற்றுவதாக அம்மா நேர்ந்துகொண்டார். முழங்கால் சரியாகிவிட்டது. சரியான முழங்காலை நம்பி விமானம் ஏற அவருக்கு மனசு வரவில்லை, என்னை ஏற்றிவிட்டார். புனிதர் இதை ஒத்துக்கொள்வாரா என்று கேட்டேன். "பெத்த பிள்ள போனா நான் போன மாதிரிதான்" என்று அவர் சார்பில் அம்மாவே பதில் சொல்லிவிட்டார்.

அக்கா என் பெரியம்மாவின் மகள். ஐம்பத்தெட்டு வயது. விடியும் முன் கரையில் மீன் ஏலம் எடுத்து, பாளையங்கோட்டைச் சந்தைக்குப் பேருந்தில் கொண்டுபோய் விற்று, பிற்பகலில் திரும்புவார். மச்சான் கேரளக் கரையில் விசைப்படகு வேலைக்குப் போயிருந்தார். சாப்பிட்டு முடித்ததும் அக்கா ஒரு காகிதத்தை எடுத்துவந்து என் முன்னால் வைத்தார். தாலுகா அலுவலகத்திலிருந்து வந்த அறிவிப்பு. வெள்ளிக்கிழமை காலை விசாரணைக்கு வர வேண்டும், தவறினால் விண்ணப்பம் தள்ளுபடி என்றிருந்தது.

"என்னக்கா வழக்கு?"

"என் பேர ஓட்டு லிஸ்ட்ல இருந்து எடுத்துட்டானுவ. செத்துப் போயிட்டேனாம். திரும்பச் சேருங்கன்னு எழுதிக் குடுத்தேன். அதான் ஏற்கெனவே இருக்கேங்கானுவ. செத்தும் போயிட்டேன், இருக்கவும் செய்யுதேன். என்னன்னு நீயே வாசிச்சுச் சொல்லு."

இது எப்படி நடந்தது என்று எனக்கு விளங்கவே ஒரு டம்ளர் கருப்பட்டிக் காப்பி தேவைப்பட்டது. உவரியில் பிறக்கும் பிள்ளைகளில் ஒன்றுக்காவது அந்தோணியார் பெயரை வைக்காத வீடு கிடையாது. ஆண் என்றால் அந்தோணி, பெண் என்றால் அந்தோணியம்மாள். பிறகு அந்தோணியைத் தேடிப் பிடித்து அந்தோணியம்மாளுக்குக் கட்டிவைப்பார்கள். ஊருக்குள் இதனால் ஒரு குழப்பமும் இல்லை, ஏனென்றால் எல்லாருக்கும் ஓர் அடைமொழி உண்டு. அக்கா ஊளிமீன் விற்பதால் ஊளி அந்தோணியம்மா. நாலு வீடு தள்ளி இருந்தவர் நண்டு விற்றதால் நண்டு அந்தோணியம்மா. இரண்டு பேருக்கும் கணவர் பெயர் அந்தோணி. ஊளிக்கும் நண்டுக்கும் அரசாங்கப் படிவத்தில் கட்டம் இல்லை.

நண்டு அந்தோணியம்மா போன ஆடியில் இறந்துவிட்டார். அவர் கணவர் அதற்கு முன்பே போய்விட்டதால் வீடு பூட்டிக் கிடந்தது. அதன் பிறகு பட்டியல் திருத்தத்துக்காகப் படிவம் கொடுக்க ஒரு டீச்சர் தெருவுக்கு வந்தார். பகலில் மீன்காரிகள் வீட்டில் யார் இருப்பார்கள்? வலை பின்னிக்கொண்டிருந்த ஒருவரிடம் கேட்டிருக்கிறார். "அந்தோணி வீட்டு அந்தோணியம்மாவா? அவிய ஆடியில இறந்துட்டாவளே" என்று அவர் உண்மையைத்தான் சொல்லியிருக்கிறார். டீச்சர் கையில் இரண்டு படிவம் இருந்தது. ஒன்றில் 'இறப்பு' என்று குறித்துக்கொண்டு, மற்றதை அக்காவிடம் சேர்க்கச் சொல்லிப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டுப் போனார்.

பக்கத்து வீட்டில் கொடுத்தது நண்டின் படிவம். பிற்பகலில் சந்தையிலிருந்து வந்த அக்கா அதை வாங்கி வாசித்தார். அந்தோணியம்மாள், கணவர் அந்தோணி, தெருப் பெயர் சரி. வயது மட்டும் இரண்டு கூட இருந்தது. அரசாங்கம் எந்தக் காலத்தில் என் வயதைச் சரியாகப் போட்டிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு கையெழுத்துப் போட்டார். அச்சில் இருந்த படம் முழுக்கக் கறுப்பு, அது எந்த அந்தோணியம்மாளாகவும் இருக்கலாம். இப்படியாக உயிரோடு இருக்கும் அக்கா தன் கையாலேயே தன் தோழியைப் பட்டியலில் உயிரோடு வைத்துவிட்டு, தான் இறந்துபோனார்.

எனக்குச் சிரிப்பு வந்தது. அக்கா முகத்தைப் பார்த்ததும் நின்றுவிட்டது.

சிங்கப்பூரில் ஓட்டுப் போடுவது கட்டாயம். ஒரு தேர்தலன்று இரவுப் பணி முடிந்து வந்து படுத்தவன் எழுந்திருக்கவில்லை. என் பெயரை நீக்கிவிட்டார்கள். இணையத்தில் போய், தூங்கிவிட்டேன் என்பதை மரியாதையான சொற்களில் எழுதி, தண்டம் கட்டி, பத்து நிமிடத்தில் பெயரைத் திரும்ப வாங்கினேன். அங்கே ஓட்டுப் போடாதவன் பெயரை எடுக்கிறார்கள். இங்கே ஓட்டுரிமை வந்த நாளிலிருந்து ஒரு தேர்தலையும் தவறவிடாதவர் பெயர் போயிருந்தது. அக்காவுக்கு இருந்த கோபத்தில் பாதியாவது எனக்கும் இருந்தது என்று சொல்லிக்கொள்கிறேன்.

மறுநாள் செவ்வாய். அக்காவோடு பாளையங்கோட்டைச் சந்தைக்குப் போனேன். பேருந்தின் கடைசி இரண்டு வரிசையும் மீன்காரிகளுக்கு. சட்டிகளை இருக்கைக்கு அடியில் தள்ளியாயிற்று. நடத்துநர் மூக்கைப் பிடித்துக்கொண்டு வந்தார். "மூக்கப் பிடிச்சுட்டு டிக்கெட்டு கிழிக்கியே, மத்தியானம் எந்தக் கையால மீன் திங்க?" என்று அக்கா கேட்டார். நடத்துநர் சிரித்துவிட்டு மூக்கை விட்டார். என் பேருந்தில் மூக்கைத் துளைக்கும் தூரியான் பழம் கொண்டுவந்தாலே இறக்கிவிட வேண்டும் என்று விதி. இங்கே ஒரு கடலையே ஏற்றிக்கொண்டு வந்திருந்தோம், ஒருவரும் இறங்கவில்லை.

சந்தையில் அக்காவுக்கு ஒரு பெரிய கறுப்புக் குடை. அதன் அடியில் இரண்டு பேர் உட்கார இடம், ஒரு பாதி காலியாகக் கிடந்தது. அது நண்டு அந்தோணியம்மாவின் இடம். முப்பது வருடம் ஒரே குடையில் இருந்து ஆளுக்கு ஒரு கட்சி பேசியிருக்கிறார்கள். நண்டு எந்தக் காலத்திலும் சின்னம் மாறாதவர். அக்கா அப்படி இல்லை. கரையைக் கடல் அரிக்காமலிருக்கத் தூண்டில் வளைவு கட்டித் தருகிறேன் என்று சொன்னவருக்குப் போடுவார், கட்டாவிட்டால் அடுத்த முறை எதிராளிக்குப் போடுவார். தேர்தலன்று இரண்டு பேரும் சேர்ந்தே போய், வரிசையில் முன்னும் பின்னுமாக நின்று, மை வைத்துக்கொண்டு, திரும்பி வரும் வழியெல்லாம் சண்டை போடுவார்களாம்.

"யாருக்குப் போட்டேன்னு நீங்க ரெண்டு பேரும் சொல்லிக்குவீங்களா?" என்று கேட்டேன்.

"சொல்லாம? அவ என்ன சொன்னாலும் மாறமாட்டா. சவத்து மூதி" என்றார் அக்கா. அதைச் சொல்லும்போது காலி இடத்தைப் பார்க்கவில்லை, எடை போட்டுக்கொண்டிருந்த மீனைப் பார்த்தார்.

பிற்பகலில் ஊருக்குத் திரும்பி இறங்கியபோது சூசை அண்ணன் எங்களுக்காகவே நின்றிருந்தார். ஒரு கட்சிக்கு வாக்குச்சாவடி முகவராக இருப்பவர், யார் வீட்டில் எத்தனை ஓட்டு என்று நாவிலேயே வைத்திருப்பவர். நல்ல மனிதர்தான், எனக்கு டீ வாங்கிக் கொடுத்தார், என் வேலையை விசாரித்தார். பிறகு அக்காவிடம் திரும்பினார்.

"ஏம்மா வெள்ளிக்கெழம யாவாரத்தக் கெடுத்துட்டு தாலுகாபீசுக்கு அலையுத? நண்டுக்காரி பேருதான் இருக்குல்லா. அதே பேரு, அதே அந்தோணி, அதே தெரு. அந்தப் பேருல போய்ப் போட்டுட்டு வா. படத்தப் பாத்தா ஒரு பயலுக்கும் வித்தியாசம் தெரியாது. பூத்துல நாங்கதான இருப்போம்."

அக்கா டீயைக் கீழே வைத்தார். "அண்ணே, அவ உங்க கட்சிக்கு எந்தக் காலத்துலயாவது போட்டிருக்காளா?"

"இல்ல. அதுக்கு இப்ப என்ன?"

"நான் இந்தத் தடவ உங்களுக்குப் போடலாம்னு இருந்தேன். அவ பேருல போட்டா அவ உங்களுக்குப் போட்டதா ஆயிரும்லா. செத்தவ வாய்க்குள்ள நான் போயிப் பேசவா? அவ எந்திரிச்சு வந்து என் கொண்டையப் பிடிச்சிருவா."

சூசை அண்ணன் சிரித்தார். "ஓட்டுப் போடப் பேருதான வேணும், நியாயமா வேணும்?" என்று எனக்குக் கேட்கும்படி முணுமுணுத்துவிட்டுப் போனார். எனக்கு அந்த இடத்தில்தான் விஷயத்தின் ஆழம் தெரிந்தது. ஓட்டை நான் இதுவரை ஒரு கடமையாக, சில சமயம் ஒரு தொல்லையாகத்தான் பார்த்து வந்தேன். அக்கா அதை ஒரு பேச்சாகப் பார்த்தார். தன் பேச்சை இன்னொருத்தி பெயரில் பேச அவருக்கு மனசில்லை, இன்னொருத்தி பேச்சைத் திருடவும் மனசில்லை.

விசாரணைக்கு என்ன வேண்டும் என்று தாலுகா அலுவலகத்துக்குத் தொலைபேசியில் கேட்டேன். நண்டு அந்தோணியம்மாவின் இறப்புச் சான்றிதழ் இருந்தால் இரண்டும் வேறு ஆள் என்று முடித்துவிடலாம் என்றார்கள். சான்றிதழ் இருப்பது அவருடைய ஒரே மகள் மரிய செல்வியிடம். அவர் கட்டிக்கொடுத்துப் போன இடம் மலையடிவாரத்தில் விக்கிரமசிங்கபுரம். ஆகவே புதன்கிழமை, கடலோரத்திலிருந்து மலையடிவாரம் வரை, மாவட்டத்தை ஒரு முனையிலிருந்து மறு முனைக்கு அளக்கக் கிளம்பினோம்.

திருநெல்வேலி வரை ஒரு பேருந்து, அங்கிருந்து பாபநாசம் போகும் பேருந்து. திருநெல்வேலியைத் தாண்டியதும் இரண்டு பக்கமும் பிசானப் பருவ நெல் பச்சையாக நின்றது. உவரியில் மணலும் உடைமரமும் பார்த்த கண்ணுக்கு இது வேறு தேசம். அக்கா வழியில் வாங்கிய அவித்த பனங்கிழங்கை நார் உரித்து எனக்குக் கொடுத்துக்கொண்டே வந்தார். "இந்தத் தண்ணியெல்லாம் கடைசியில நம்ம கடலுக்குத்தான வருது, இவனுவ எதுக்கு இம்புட்டு அலட்டுதானுவ" என்று தாமிரபரணியை ஒரே வாக்கியத்தில் முடித்துவிட்டார்.

பத்தமடைக்குள் நுழைந்ததும் பேருந்து முனகியது, நின்றது, முன்பக்கத்தில் ஆவி கிளம்பியது. இருபத்தாறு வருடம் ஓட்டியவனுக்கு அந்த ஆவியின் மணமே போதும். மின்விசிறிப் பட்டை அறுந்திருக்கும். இறங்கிப்போய், நானும் சிங்கப்பூரில் பேருந்து ஓட்டுபவன்தான் என்று ஆரம்பித்து ஓட்டுநரிடம் அதைச் சொன்னேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "அண்ணாச்சி, நீங்க சிங்கப்பூர்ல போய்ப் பாத்துக்கிடுங்க. இவளுக்கு என்ன சீக்குன்னு எனக்குத் தெரியும்." கால் மணி நேரம் கழித்து மூடியைத் திறந்து பார்த்துவிட்டு, பட்டைதான் என்று நடத்துநரிடம் சொன்னார். என்னிடம் சொல்லவில்லை. மாற்றுப் பட்டை வர ஒரு மணி நேரம் ஆகும் என்று தெரிந்தது.

அந்த ஒரு மணி நேரத்தை அக்கா ஒரு பாய்க்கடையில் போக்கினார். வாங்கும் எண்ணமே இல்லாமல் ஆறு கோரைப்பாயை விரிக்கவைத்து, ஏழாவதில் உட்கார்ந்துகொண்டார். கடைக்காரர் வெள்ளைத் தொப்பி வைத்த பெரியவர், கோபித்துக்கொள்ளவில்லை. எங்கே போகிறோம் என்று கேட்டார், அக்கா கதையைச் சொன்னார்.

"எங்க தெருவுல ஒரு பேரும் விடல பாத்துக்கிடுங்க" என்றார் அவர். "பள்ளிவாசல் முன்னால மேசையப் போட்டு, காலேசுல படிக்க புள்ளைய நாலு பேரு உக்காந்துட்டு. மவுத்தானவுகளுக்கு ஒரு கட்டு, கெட்டிக் குடுத்து வெளியூர் போன பொம்பளையளுக்கு ஒரு கட்டு, இருக்கவுகளுக்கு ஒரு கட்டு. படிக்கத் தெரியாதவுகளுக்கு வாசிச்சுக் காட்டித்தான் கையெழுத்து வாங்கினாவ. நீங்க என்ன செஞ்சிய?"

"நாங்க மீன் விக்கப் போயிட்டோம் அண்ணாச்சி" என்றார் அக்கா. அவர் அப்படி ஒரு தப்பை ஒப்புக்கொண்டு நான் கேட்டதே இல்லை. அடுத்த திருத்தத்துக்குக் கோயில் முன்னால் தானே மேசை போடப் போவதாகவும் சொன்னார். செய்யக்கூடிய ஆள்தான்.

விக்கிரமசிங்கபுரத்தில் நாங்கள் இறங்கியபோது நூலாலையின் பகல் முறை விட்டிருந்தது. தெரு முழுக்கச் சைக்கிள். மரிய செல்வியின் கணவர் ஆலையில்தான் வேலை. அவரும் அப்போதுதான் சைக்கிளை நிறுத்திக்கொண்டிருந்தார். மரிய செல்விக்கு முப்பது வயதிருக்கும். அக்காவைக் கண்டதும் "சித்தி" என்று கையைப் பிடித்துக்கொண்டவர், எதற்கு வந்தோம் என்றுகூடக் கேட்காமல் உளுந்தஞ்சோறு ஆக்கி, எள்ளுத்துவையல் அரைத்துப் போட்டார். நல்லெண்ணெய் ஊற்றிப் பிசைந்த அந்தச் சோற்றுக்காக நான் இன்னொரு முறை கடல் தாண்டி வருவேன்.

சாப்பிட்டு முடித்ததும் அக்கா விஷயத்தைச் சொன்னார். மரிய செல்வி தரையைப் பார்த்துக்கொண்டு கேட்டார்.

"சித்தி, ரேசன் கார்டுல அம்மா பேர எடுத்தாச்சு. பேங்குல எடுத்தாச்சு. கேஸ் புக்குல எடுத்தாச்சு. எல்லாத்துலயும் நான்தான் கையெழுத்துப் போட்டு எடுத்தேன். ஒவ்வொரு தடவையும் அம்மா திரும்பச் செத்த மாதிரி இருக்கு. இப்ப இந்த ஓட்டு லிஸ்டு ஒண்ணுலதான் அவ இருக்கா. அதுல இருந்துட்டுப் போவட்டும் சித்தி."

நான் வாயைத் திறந்தேன். அக்கா என் தொடையில் ஓர் அடி வைத்தார், மூடிக்கொண்டேன்.

"இருக்கட்டும்னுதான் எனக்கும் ஆச மக்கா" என்றார் அக்கா. "ஆனா சும்மா இருக்க விடமாட்டானுவ. அவ பேருல போய்ப் போடுன்னு என்னயவே சொல்லுதானுவ. நான் போட மாட்டேன். நான் மாட்டேன்னா வேற எவளையாவது போடச் சொல்லுவானுவ. உங்க அம்மா ஒரு சின்னத்துலதான் வெரல வச்சா, கடைசி வர. அவ பேருல எவளோ போயி வேற எதையாவது அமுக்கினா அவ தாங்குவாளா? நீயே பைய யோசிச்சுப் பாரு."

மரிய செல்வி தலையை ஆட்டினார். அது சரி என்றா, இல்லை என்றா என்று எனக்குப் புரியவில்லை. பீரோவைத் திறக்க எழுந்திருக்கவும் இல்லை. வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு விசாரணை, தாலுகா அலுவலகம் என்று மட்டும் சொல்லிவிட்டு அக்கா செருப்பை மாட்டிக்கொண்டார்.

பேருந்தில் ஏறியதும் நான் வெடித்தேன். இவ்வளவு தூரம் வந்து ஒரு காகிதத்தை வாங்காமல் போகிறோமே, ஒரு நகலாவது கேட்டிருக்கலாமே, வெள்ளிக்கிழமை வெறுங்கையோடு போய் என்ன சொல்வது? அக்கா ஜன்னல் பக்கம் பார்த்தபடி எல்லாவற்றையும் கேட்டார். கல்லிடைக்குறிச்சி தாண்டிய பிறகுதான் பேசினார்.

"பிடுங்கிட்டு வரதுக்கு அது என்ன மீனாலே? அவ அம்மா. அவளா எடுத்துத் தந்தாத்தான் உண்டு."

"தரலைன்னா உங்க ஓட்டு போயிருமே அக்கா."

"போனாப் போவும். அப்புறம் அழுவேன்." ஜன்னலை விட்டு என் பக்கம் திரும்பினார். "லே, மார்க்கெட்டுல நான் கத்தாத கத்தா? மந்திரி வந்தப்ப வண்டிய மறிச்சுக் கத்தினேன். கலெக்டர் முன்னால கத்தினேன். எல்லாரும் தலைய ஆட்டிட்டுப் போயிட்டானுவ. நான் பேசுனத எண்ணிப் பாத்தது அந்த ஓட்டு மிசின் ஒண்ணுதாம்லே. ஒத்தப் பொத்தான அமுக்குதேன், ஒரு ஆளு பேசியிருக்கான்னு எண்ணுதானுவ. அத விட்டுட்டு வெறும் வாய வச்சுட்டு நான் என்ன செய்ய?"

சிங்கப்பூரில் பேசுவதற்கு எனக்கு எத்தனையோ வழி இருப்பதாக நினைத்திருந்தேன். யோசித்துப் பார்த்தால் என்னுடையதையும் கணக்கில் எடுத்துக்கொண்டது அந்த ஒன்றுதான், அதற்கும் நான் தூங்கியிருக்கிறேன். வெட்கமாக இருந்தது.

வியாழக்கிழமை அம்மாவின் மெழுகுதிரியை ஏற்றினேன். அக்காவும் பக்கத்தில் ஒன்று ஏற்றினார். எதற்கு என்று கேட்டேன். "அவருக்குத் தெரியும்" என்றார். அந்தோணியார் பெயரை ஊர் முழுக்க வைத்ததால் வந்த வினை என்பதால் அவருக்கு ஒரு பொறுப்பும் இருக்கிறதாம்.

வெள்ளிக்கிழமை காலை அக்கா ஞாயிறு பூசைக்குக் கட்டும் சேலையைக் கட்டிக்கொண்டு வந்தார். தாலுகா அலுவலக வராந்தாவில் எங்களுக்கு முன்னால் ஒரு நீண்ட வரிசை. ஒவ்வொருவர் கையிலும் ஒரு பிளாஸ்டிக் உறை, அதற்குள் பிறந்ததிலிருந்து சேர்த்துவைத்த காகிதம் எல்லாம். சலித்துக்கொண்டார்கள், வெயிலைத் திட்டினார்கள், ஆனால் ஒருவரும் வரிசையை விட்டுப் போகவில்லை. அதைப் பார்க்க எனக்கு ஒரு தைரியம் வந்தது.

எங்கள் முறை வந்தபோது மணி பதினொன்றைத் தாண்டியிருந்தது. மேசைக்குப் பின்னால் ஒரு பெண் அதிகாரி, நாற்பது வயது, தொண்டை கட்டிப்போயிருந்தது. அக்கா எல்லாக் காகிதத்தையும் பரப்பினார். அதிகாரி ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

"அம்மா, நீங்க உயிரோட இருக்கிய. அதுல எனக்குச் சந்தேகம் இல்ல" என்றார். "ஆனா எந்த அந்தோணியம்மாள்? பட்டியல்ல இருக்கவுகளும் இதே பேரு, இதே கணவர், இதே தெரு. படிவத்துல நீங்கதான் கையெழுத்துப் போட்டிருக்கிய. உங்களப் புதுசாச் சேத்தா ஒரே ஆளுக்கு ரெண்டு ஓட்டு ஆயிரும்."

"அது நண்டு மேடம். நான் ஊளி."

அதிகாரி பேனாவை மூடி வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். நான் விளக்கினேன். பதற்றத்தில் பாதி ஆங்கிலத்தில் விளக்கிவிட்டேன். "தமிழ்லயே சொல்லுங்க சார், எனக்கு நல்லாப் புரியும்" என்றார். சொன்னேன். புரிந்தது என்றார். ஆனால் இறப்புச் சான்றிதழ் இல்லாமல் தான் ஒன்றும் செய்ய முடியாது, இன்று மாலையோடு விசாரணை முடிகிறது என்றும் சொன்னார். அக்கா காகிதங்களை ஒவ்வொன்றாக எடுத்து உறைக்குள் வைக்கத் தொடங்கினார். சந்தையில் அத்தனை பேரை வாயடைக்க வைப்பவர் அப்போது ஒரு சொல்கூடச் சொல்லவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

"அடுத்தவங்கள விடுங்க மேடம், நாங்க இங்கனயே ஓரமா நிக்கோம்" என்றேன். எப்போது நெல்லைப் பேச்சு என் வாயில் வந்தது என்று எனக்கே தெரியவில்லை. அதிகாரி மறுக்கவில்லை.

பன்னிரண்டரை மணிக்கு மரிய செல்வி வந்தார். காலையில் கிளம்பி மூன்று பேருந்து மாறி, வராந்தாவை ஓட்டமும் நடையுமாகக் கடந்து வந்தார். நேரே மேசைக்குப் போய், பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்து விரித்துவைத்தார்.

"இது எங்கம்மா அந்தோணியம்மாள். ஆடியில இறந்துட்டாவ. நான் அவிய மக. இந்தா நிக்கது அந்தோணியம்மா சித்தி. இவிய உயிரோட இருக்காவ. இவிய வேற ஆளு."

அதிகாரி சான்றிதழில் இருந்த தாயார் பெயரை அக்காவின் ஞானஸ்நானச் சான்றோடு ஒத்துப்பார்த்தார், இரண்டிலும் தாயார் வேறு வேறாக இருந்தார்கள். மகளின் அடையாள அட்டையைப் பார்த்தார். நண்டு அந்தோணியம்மாவின் பழைய வாக்காளர் அட்டையையும் மரிய செல்வி கொண்டுவந்திருந்தார், அதில் முகம் தெளிவாக இருந்தது. பிறகு அக்காவின் விண்ணப்பத்தில் 'ஏற்கப்பட்டது' என்று எழுதி, முத்திரை குத்தி, தேதி போட்டார். இறுதிப் பட்டியலில் பெயர் வரும், வந்ததும் ஒரு தடவை சரிபார்த்துக்கொள்ளுங்கள் என்றார்.

நான் அக்காவின் தோளைத் தட்டினேன். அக்கா என்னைக் கவனிக்கவில்லை. மரிய செல்வியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னும் ஒண்ணு இருக்கு" என்றார் அதிகாரி. "இறந்தவங்க பேர நீக்க ஒரு வாக்குமூலம் வேணும். குடும்பத்துல ஒருத்தரு, ஊர்ல தெரிஞ்ச சாட்சி ஒருத்தரு."

மரிய செல்வி 'மகள்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். எழுத்து தெளிவாக விழுந்தது. அதிகாரி தாளை அக்கா பக்கம் திருப்பினார்.

"சாட்சி நீங்கதான. இறந்தவங்களுக்கு நீங்க என்ன உறவு?"

அக்கா கொஞ்சம் யோசித்தார்.

"எதிர்க்கட்சி" என்றார்.

அதிகாரியின் பேனா நின்றது. மரிய செல்வி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார், சிரிக்கும்போதே கண்ணைத் துடைத்தார். அதிகாரியும் சிரிப்பை அடக்கிக்கொண்டு, அந்தக் கட்டத்தில் 'அண்டை வீட்டார்' என்று எழுதினார்.

அக்கா கையெழுத்துப் போட்டுவிட்டுப் பேனாவைத் திருப்பிக் கொடுத்தார். "முப்பது வருசம் மேடம். எவ்வளவோ பேசியிருக்கேன். ஒரு தடவகூட அவ எனக்காக மாத்திப் போட்டதில்ல" என்றார். சொல்லிவிட்டு, அந்த மேசை முன்னாலேயே நின்று அழுதார்.